கத்திய பிள்ளையும் தூங்கிய பிள்ளையும்

லுப்னிட்ஸாவில் டோப்கா என்றொரு மருத்துவச்சி இருந்தாள். சந்தையில் நிற்கிற முக்கால்வாசிப் பேரின் தலையை முதன்முதலில் தொட்டவள் அவள்தான். அதனால் அவளுக்கு யாரிடமும் பெரிய பயம் கிடையாது.

அந்த நாட்டை ஆண்ட டியூக் குடும்பத்தில் மூத்த ஆணுக்குத்தான் பட்டம், அவனுக்கு ஹென்ரிக் என்றுதான் பெயர். தாடிக்கார ஹென்ரிக், அவர் மகன் நொண்டி ஹென்ரிக், அவர் மகன் தடியன் ஹென்ரிக். தடியன் ஹென்ரிக்கின் மனைவிக்கு ஒரு சந்தை நாள் காலையில் வலி கண்டது. பிறந்தது இரட்டை ஆண்.

தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. டோப்கா இரண்டையும் சமையல்காரி மடியில் போட்டுவிட்டுத் தாயைக் கவனித்தாள். உச்சி வேளைக்குள் தாய் பிழைத்துவிட்டாள். டோப்கா திரும்பிப் பார்த்தபோது, சமையல்காரி பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஒரே மாதிரித் துணியில் சுற்றி, சுட்ட ரொட்டிபோல அடுப்போரம் அடுக்கி வைத்திருந்தாள்.

ஞானஸ்நானம் கொடுக்க வந்த மர்ச்சின் சாமியாருக்கு வேறொரு பக்கம் சாவு வீடு காத்திருந்தது.

“மூத்தது எதும்மா?”

ஒன்று தூங்கியது, மற்றது ஊரைக் கூட்டியது.

“கத்துறதுதான், சாமி” என்றாள் டோப்கா.

கத்தியது ஹென்ரிக் ஆயிற்று. தூங்கியதற்கு மெஷ்கோ என்று பெயர் வைத்தார்கள்.

இருபத்துமூன்று வருஷம் கழித்து, தடியன் ஹென்ரிக் விலாங்கு மீன் தின்றுகொண்டிருக்கும்போதே செத்தார். அடக்கம் முடிந்த மறுநாளே மெஷ்கோ, தான்தான் மூத்தவன் என்றான். சமையல்காரி சாகிற சமயத்தில் சொன்னாளாம். பிஷப்பின் ஆள் வந்து விசாரிப்பார் என்று முடிவாயிற்று. தாய்க்கு அன்று நினைவே இல்லை, உயிரோடு இருந்த சாட்சி டோப்கா ஒருத்திதான்.

முதலில் ஹென்ரிக் ஒரு வாத்தோடு வந்தான்.

“கிழவி, நான்தானே முன்னாடி வந்தேன்? உள்ளதைச் சொல்லு!”

“பொறந்தன்னிக்கும் இப்படித்தான் கத்துனீங்க பிரபு” என்றாள். வாத்தை வாங்கிக்கொண்டாள்.

மெஷ்கோ மத்தியானம் வந்தான். வந்தவன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“ஆத்தா, எனக்கு நாடுகூடப் பெருசில்ல. சின்ன வயசுலேர்ந்து அவன் தின்னு மிச்சம் வச்சதைத்தான் தின்னுருக்கேன். அது சரிதானான்னு தெரியணும்.”

அன்று சாமியிடம் கை காட்டியது டோப்காவுக்கு முதல் தடவையாக உறுத்தியது.

விசாரணை நாளன்று கோயில் நிரம்பி வழிந்தது. புனிதரின் எலும்பு இருந்த பெட்டிமேல் கையை வைத்து அவளைச் சத்தியம் செய்யச் சொன்னார்கள்.

“யார் முதலில் பிறந்தது?” என்று கேட்டார் பிஷப்பின் ஆள்.

“தெரியாதுங்க.”

“ஞானஸ்நானத்தன்று சொன்னாயே?”

“சாமி அவசரத்துல இருந்தாரு. அழுவுற புள்ளைய முதல்ல கவனிக்கிறதுதான் எங்க வழக்கம். கையைக் காட்டிட்டேன். ஆத்தாக்காரி சாகக் கிடந்தா, புள்ளைங்கள்ல எது எதுன்னு நான் பாத்து வைக்கல.”

கோயிலே கொதித்தது. ஹென்ரிக் அவளைச் சூனியக்காரி என்றான். டியூக்கின் விதவை, பிழைத்த அதே தாய், எழுந்து நின்றாள். “அவ உங்களைப் பாத்துக்கிட்டிருந்து, நான் செத்திருக்கணும்கிறியாடா?” என்றாள் மகனிடம். அவன் உட்கார்ந்துவிட்டான்.

டோப்கா வீட்டுக்குப் போய் மறுநாள் உச்சி வரை தூங்கினாள்.

மூத்தவன் யாரென்று தெரியாததால், ஆற்றை எல்லையாக வைத்து நாட்டை இரண்டாக வெட்டினார்கள். டோப்காவின் வீடு ஹென்ரிக்கின் நாட்டில் நின்றது, முட்டைக்கோஸ் தோட்டம் மெஷ்கோவின் நாட்டுக்குப் போயிற்று. பாலத்துக் காவலன் அவள் கையால் பிறந்தவன்.

“எந்த நாடு?” என்பான் கடமையாக.

“உன் தொப்புளைக் கேளு” என்று நடப்பாள்.

ஹென்ரிக் அவளை அரண்மனைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லியிருந்தான். அவன் மனைவிக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தபோது, அவனே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கூப்பிட்டான். அவள் போனாள். திரைக்குப் பின்னால் ஒரு எழுத்தர், பிள்ளைகள் வருகிற வரிசையை எழுத மையோடு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு பெண் பிறந்தாள். எழுத்தர் அதற்கும் ‘முதலாவது’ என்று எழுதினார்.

மெஷ்கோ வீட்டில் மூன்று ஆண்கள் வரிசையாகப் பிறந்தார்கள். யார் மூத்தவன் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவன் மூவருக்கும் நாட்டைச் சமமாகப் பிரித்தான்.

டோப்கா கண்ணை மூடியபோது, ஒரு டியூக்கின் சேவல் கூவினால் அடுத்த டியூக் எழுந்துவிடுகிற அளவுக்கு நாடுகள் சிறுத்திருந்தன. அவள் அடக்கத்துக்கு நான்கு டியூக்குகள் வந்தார்கள். யார் முன்னால் நடப்பது என்ற பேச்சு முடிவதற்குள், பாலத்துக் காவலனும் ஊர்க்காரர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.