சர்க்கரை போடாத புட்டி

ஏரி ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் தெள்ளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடமாக நுண்ணோக்கியில் குனிந்து நீர்த்தெள்ளுகளை எண்ணுகிறவளுக்கு வேறென்ன பேர் வாய்க்கும்? ஏரித் தண்ணீரில் நீந்தும் அந்தப் பூச்சிக்குக் கடுகளவு உடம்பு, ஒற்றைக் கண்; தின்ற பாசி வயிற்றுக்குள் பச்சைக் கோடாகத் தெரியும்.

"ஊர் உலகமெல்லாம் தெள்ளை நசுக்குது, நீ மட்டும் எண்ணிச் சம்பளம் வாங்குற" என்பான் தையல்காரக் கணவன்.

"நீங்க பட்டன் எண்ணலையா?" என்பாள் அவள்.

அந்தக் கோடையில் ஏரி பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. நச்சுப்பாசி. நகரமே குடிக்கிற தண்ணீர். அந்த விஷத்துக்குள்ளும் தெள்ளுகள் தம் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். விஷம் தின்று பழகிவிட்ட கூட்டம் இது, பெருகினால் பாசியை மேய்ந்தே குறைத்துவிடும் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னாள். ஆனால் கடைசி இரண்டு வாரக் கணக்கில் ஒரு தாய்த்தெள்ளின் முதுகுப் பையிலும் முட்டை இல்லை. மனசு ஒடிந்துபோய், 'இனப்பெருக்கம் நின்றுவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதைப் படித்த தலைமைப் பொறியாளர் ஏரியில் பாசியைக் கொல்லும் மயில்துத்தம் போட உத்தரவிட்டார். பாசியோடு தெள்ளும் சாகும். எப்படியும் அழியப்போகிற பூச்சிதானே என்பது அவர் கணக்கு.

மருந்து போடும் நாள் காலையில், மாதிரிகளைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசல் தீர்ந்திருந்தது. புதிதாகக் கலக்க அலமாரியைத் திறந்தாள். சர்க்கரை டப்பா காலி. உள்ளே ஒரு டீக்கரண்டி கிடந்தது.

அந்தத் தொழிலில் சர்க்கரை விளையாட்டில்லை. வெறும் ஃபார்மலினில் விழுந்த தெள்ளு உடம்பு விரிந்து, முதுகுப் பையில் பொரிந்து குஞ்சாக வெளிவரவேண்டிய முட்டைகளை உதிர்த்துவிடும். சர்க்கரை சேர்த்தால்தான் முட்டை இருந்த இடத்தில் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே ஓதுகிற முதல் பாடம் இது. டீக்கரண்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். போன தடவை கரைசல் கலந்தது இரண்டு வாரத்துக்கு முன்னால், பொறியாளர் கூடத்தைப் பார்வையிட வந்த அன்று. டீக்குச் சர்க்கரை இல்லையென்று இந்த டப்பாவைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தாள். கரைசல் கலந்தது ஞாபகம் இருந்தது. சர்க்கரை போட்டது ஞாபகம் இல்லை.

பழைய மாதிரிப் புட்டியின் அடித்தண்ணீரை உறிஞ்சி நுண்ணோக்கியில் வைத்தாள். உருண்டை உருண்டையாக முட்டைகள். பாசி உருண்டை என்று அவளே ஒதுக்கித் தள்ளியவை. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்க, அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது. மானம் போனால் போகட்டும், இதுகள் பிழைத்தால் போதும். காலையில் அள்ளிய ஏரித் தண்ணீரை ஒரு கையிலும் நுண்ணோக்கியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்த பொறியாளர் அறைக்கு ஓடினாள்.

"சார், என் ரிப்போர்ட் தப்பு. மருந்தை நிறுத்துங்க."

"படகு கரையில நிக்குதும்மா. இத்தனை வருஷம் தப்பாத கை, இப்ப எப்படித் தப்பு பண்ணுச்சு?"

"புட்டியில சர்க்கரை போடல. அது அன்னைக்கு உங்க டீயில போயிடுச்சு. அதான் முட்டையெல்லாம் உதிர்ந்துபோச்சு."

பொறியாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப என் டீதான் ஏரியைக் கெடுக்கப் பாத்துச்சா?"

"டீ மேல தப்பில்ல சார், என் மேலதான். எழுதிக் கொடுக்கறேன். ஆனா இப்ப மருந்து போட்டா பாசி வெடிச்சு விஷம் பூரா தண்ணியில இறங்கும். மறுபடி முளைக்கிற பாசியைத் தின்ன ஒரு வாயும் மிஞ்சாது. ஒரு நிமிஷம் இதைப் பாருங்க."

ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். அரைமனதாகத்தான் குனிந்தார். ஒரு நிமிஷம் ஐந்தாயிற்று. மேஜையில் தொலைபேசி அடித்தது. கண்ணை எடுக்காமலே கையால் துழாவி அதை எடுத்தார். மருந்து மூட்டையைப் பிரிக்கலாமா என்று படகுக்காரர் கேட்பது அவளுக்கும் கேட்டது.

"பிரிக்காதீங்க" என்றார் பொறியாளர். "இங்க ஒருத்திக்குப் பிரசவம் நடக்குது. மூணு வந்தாச்சு, இன்னும் வருது."