பஸ்ஸில் குறைந்த சர்க்கரை

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஜெயசித்ரா பதினோரு வருடமாக வேலை பார்க்கிறார். டிப்ளமோவில் அவர் தோற்ற ஒரே தாள் உயிர்வேதியியல். இன்று அவருக்கு நன்றாகத் தெரிந்ததும் அதுதான்.

மீன்சுருட்டியில் ரத்தம் எடுத்து அனுப்புகிறவர் வெள்ளைச்சாமி. பொறுப்பான ஆள். அதனாலேயே கண்ட பஸ்ஸில் கொடுத்துவிட மாட்டார். மச்சான் கண்டக்டராக வரும் பஸ்ஸுக்காக மற்ற பஸ்களை விட்டுவிட்டுக் காத்திருப்பார். போன சித்திரையில் அப்படி வந்தது ராசாங்கத்தின் ரத்தம். விவசாயி, காலில் ஆறாத புண். சாப்பிட்ட பிறகு எடுத்த சர்க்கரை நூற்று முப்பத்தெட்டு என்றது மெஷின். அது சரியென்றால் களிம்போடு போகும். தப்பென்றால் கால் விரல்கள் போகும்.

ஜெயசித்ரா ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாமல் வெள்ளைச்சாமிக்குப் போன் செய்தார்.

"எத்தன மணிக்குண்ணே எடுத்தீங்க?"

"ஒம்பதுக்கும்மா."

"இப்ப மணி ரெண்டு. சாம்பல் மூடி டியூப் என்னாச்சு?"

"தீந்துபோச்சு. செவப்பு மூடில போட்டேன். மச்சான் மடியிலயே வச்சு பத்திரமா கொண்டாந்தானே!"

அந்தப் பத்திரம்தான் கோளாறு. உடம்பை விட்டு வந்த பிறகும் ரத்தத்தின் செல்கள் சாப்பிடுவதை நிறுத்துவதில்லை. ஒரு நொதி குளுக்கோஸில் பாஸ்பேட்டை மாட்டிவிடும். அடுத்து ஐசோமரேஸ் என்றொரு நொதி, எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல், உள்ளதையே இடம் மாற்றி ஆறு மூலை வளையத்தை ஐந்து மூலையாக்கும். பிறகு உடைத்துத் தின்பது மற்ற நொதிகளின் பாடு. சூடு ஏற ஏற வேலை வேகமாகும். மெஷின் மிச்சத்தைத்தான் அளக்கும். சாம்பல் மூடி டியூபில் இதைத் தடுக்கும் உப்பு இருக்கும்; சிவப்பு மூடியில் கிடையாது.

ராசாங்கம் மறுபடி வர மறுத்தார். மறுநாள் ஜெயசித்ரா லீவு போட்டுவிட்டு மீன்சுருட்டிக்கே போனார்.

"நல்லா வந்த சர்க்கரைய எதுக்கும்மா கெளறுற?" என்றார் ராசாங்கம்.

"வூடு தேடி வந்திருக்கு அந்தப் பொண்ணு. கைய நீட்டுங்க," என்றார் அவர் மனைவி செங்கமலம். "வாய அப்பறம் நீட்டலாம்."

அவர் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகும்வரை காத்திருந்து, விரலில் குத்திப் பார்த்தார் ஜெயசித்ரா. இருநூற்றுப் பன்னிரண்டு.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்து அழுகிய சதையை எடுத்தார்கள். விரல் ஒன்றும் போகவில்லை.

அந்தப் பொண்ணு வந்த பிறகுதான் தனக்குச் சர்க்கரை ஏறியது என்று ராசாங்கம் இன்றும் சொல்கிறார். அதைச் சொல்ல டீக்கடை வரைக்கும் தினமும் நடந்தே வருகிறார்.