பெரட்டில் மட்டும் கூப்பிட்ட பெயர்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கந்தப்பளைச் சந்தையில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாக மரக்கறி லொறி வாங்கினேன். இன்றைக்கு என்னை நம்பி நாலு குடும்பம் சாப்பிடுகிறது. யார் தயவும் இல்லை. இறங்கிய காரியத்தை முடிக்காமல் விட்டவன் நான் இல்லை. என் தங்கச்சி பேச்சியம்மா வீட்டு விஷயத்தில்தான் என் கெட்டிக்காரத்தனம் செல்லவில்லை.

அவள் டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். புருசன் செல்லசாமி அதே தோட்டத்தில் கங்காணி. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி, பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிறவர். அடுத்த மலையில் நிற்பவனும் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்ப்பான், அப்படி ஒரு குரல். போன வருசம் காற்றுக்காலத்தில் சவுக்குமரக் கிளை ஒன்று முறிந்து அவர் தலையில் விழுந்தது. உயிர் தங்கியது. வலது பக்கம் தளர்ந்து, பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்று. கைப்பிடி வைத்த கக்கூஸ் கட்டிக் கொடுத்தேன். துரை பங்களாவில்கூட அப்படி ஒன்று கிடையாது. பேச்சியம்மா வேலையை விட்டு நின்றாள். சோற்றைக் குழைத்து ஊட்டுவாள், மடங்கிப்போன விரல்களை நீவி விரிப்பாள். மகள் தனுஷிகா தோளைக் கொடுத்து இஸ்தோப்புத் திண்ணையில் நடத்துவாள். மாதங்கள் போகப் போகக் கால் ஊன்றியது. பேச்சு மட்டும் வரவில்லை. தெரிந்தவர்களின் பெயர்களைக் கேட்டுப் பழக்குங்கள், பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மிஸ் சொல்லியிருந்தார்.

நான் போகும்போதெல்லாம் தங்கச்சியை முன்னால் நிறுத்துவேன்.

“மாப்ள, இது யாரு? பேரச் சொல்லுங்க.”

அவர் அவளைப் பார்ப்பார். உதடு அசையாது. தலையைக் குனிந்துகொள்வார்.

ஒருநாள் அடுப்படியில் அவள் என்னிடம் கேட்டாள்: “என்ன மறந்துட்டாராண்ணே?”

அன்று இரவு நான் அங்கேயே தங்கினேன்.

அடுத்த காம்பராவில் இருக்கும் வேலாயிக்கு வாய் சும்மா இருக்காது. மறுநாள் காலை கூடையோடு வேலைக்குப் போனவள், இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அவர் முன்னால் நின்றாள்.

“என்ன கங்காணி, பிந்தி வந்தா எங்கள வெரட்டுவீங்களே. இப்ப யாரு பிந்துறது? பேரக் கூப்புடுங்க, போறேன்.”

அவர் நிமிர்ந்தார். தொண்டை இழுத்தது.

“வே... வேலாயி.”

வேலாயி சிரிக்கவில்லை. “இருக்கேங்க” என்று பெரட்டில் சொல்வதுபோலவே சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “ஊரா பேரு வருது, கட்டுனவ பேரு வரலயா?”

“சத்தம் போடாதீங்கண்ணே” என்றாள் பேச்சியம்மா. “வீட்ல என்னைக்கு எம்பேரச் சொல்லிருக்காரு? ‘இந்தா’, ‘ஏ புள்ள’, அவ்வளவுதான். நானும் அவரு பேரச் சொன்னதில்ல. எம்பேரு அவரு வாயில வந்ததெல்லாம் பெரட்டுலதான்.”

வீட்டில் ஒருநாளும் சொல்லாத பெயரை, வீட்டுக்குள் வைத்தே இத்தனை மாதமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அடுத்த நாள் வேலாயி இன்னும் சில பெண்களைக் கூட்டி வந்தாள். வாசலில் வரிசையாக நின்றார்கள். பேச்சியம்மா மூலையில் கிடந்த கூடையை எடுத்தாள். கயிற்றைத் தலையில் மாட்டி, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, கடைசி ஆளாகப் போய் நின்றாள்.

அவர் சில பெயர்களைச் சொன்னார். சிலது சிக்கிக்கொண்டது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவராக வேலைக்குப் போக, அவள் மட்டும் மிஞ்சினாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மூட்டை தூக்கியபோதுகூட அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

“பேச்... சிம்மா.”

“இருக்கேங்க.”

கூடையை இறக்காமலே போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் அந்தப் பெயர் வரவில்லை. அதன் பிறகும் எப்போதாவதுதான் வருகிறது. அவள் இன்றைக்கும் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு வரிசையில் கடைசியாக நிற்கிறாள். மறந்துவிட்டாரா என்று மட்டும் அதற்குப் பிறகு என்னிடம் கேட்டதில்லை.