மானின் இன்னொரு கண்

தெருவில் அவருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். ரேடியோவோ டிவியோ, எதை ரிப்பேருக்குக் கொண்டுபோனாலும் அந்தச் சொல்தான் முதலில் வரும். இரண்டு வருடம் யாரும் கேட்டு வராத பெட்டிகளைப் பிரித்துவிடுவார். கடையின் பின்னறையில் அவை கொக்காகவும் ஆமையாகவும் எழுந்து நிற்கும்.

இப்போது ஒரு மான். கண் ஆஸ்பத்திரியின் நடுக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமை போய்ச் சேர வேண்டும். உடம்பு முழுக்க டிரான்ஸ்ஃபார்மர் தகடுகள். கொம்புகள், இழுத்து நீட்டும் ஏரியல்கள். கண்களுக்கு, வால்வு ரேடியோவில் நிலையம் சரியாகச் சிக்கும்போது பச்சையாக ஒளிரும் குழல். அவரிடம் ஒன்றுதான் இருந்தது.

மாடியில் குடியிருந்த அக்கா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“கொம்பை மடக்கி வாசல்ல நுழைச்சிடலாம், நல்ல வசதிதான். ஆனா கண்ணாஸ்பத்திரிக்கு ஒத்தைக்கண் மானாடா?”

“இன்னொண்ணு கிடைக்கலக்கா.”

“ஏன், மேல் தட்டுல குந்திக்கிட்டிருக்கே அந்த ரேடியோ. ஏழு வருஷமாச்சு. ஊருக்கெல்லாம் ரெண்டு வருஷம், அதுக்கு மட்டும் தனிச் சட்டமா?”

அவர் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் அக்கா ஸ்டூலில் ஏறி அதை இறக்கிவிட்டாள். அதன் குமிழில் கட்டிய சீட்டில் அவர் கையெழுத்து: ‘ஸ்பேர் வரவில்லை.’

“குழலாவது நல்லாருக்கா பார்ப்போம்” என்று பிளக்கைச் சொருகினாள். சற்றுப் பொறுத்துப் பச்சைக் கண் விழித்தது. யாரோ ஒருவன் கணீரென்று வானிலை அறிக்கை வாசித்தான்.

“இது பாடுதேடா! எப்போ சரி பண்ணினே?”

“கொண்டு வந்த அன்னிக்கே.”

அக்கா சிரிக்க வாய் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் ரேடியோவை அணைத்தாள்.

கொண்டு வந்தவள் நூலகத்தில் வேலை பார்த்தாள். அப்பா வைத்திருந்த ரேடியோ, பத்திரம் என்றாள். வேலை முடிந்து பஸ் ஏறப் போகும் வழியில் நான்கு முறை வந்து கேட்டாள். நான்கு முறையும் அவர் ஸ்பேர் வரவில்லை என்றார். அவளும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, புத்தகத்துக்குள் வெங்காயத் தோலை அடையாளம் வைத்துத் திருப்பித் தருகிறவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். ஐந்தாவது முறை வரவில்லை. நூலகத்தில் விசாரித்தபோது மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தயார் என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவாளே என்றுதான் சொல்லாமல் வைத்திருந்தார். எடுக்காமலே போய்விட்டாள்.

“கழட்டவா, வேணாமா? நீயே சொல்லு” என்றாள் அக்கா மெதுவாக.

“வேணாங்க்கா.”

அன்று மாலை மானின் கழுத்தை அறுத்து, பின்பக்கம் திருப்பிப் பற்றவைத்தார். முகத்தின் ஒரு பக்கம் விலாவில் புதைந்துகொண்டது. மறுபக்கத்துக் கண் மட்டும் வெளியே தெரிந்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை டாக்டரே வண்டியோடு வந்தார். மானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நேரா பார்க்கிற மாதிரிதானே பேசினோம்? ஆனா இது நல்லாருக்கு. தூங்கப் போகுதா, எழுந்திருக்கப் போகுதா?”

“தெரியல சார்.”

வண்டி போனபின் பின்னறை வெறிச்சென்று இருந்தது. அவர் ரேடியோவின் தூசியைத் துடைத்தார். சீட்டை அவிழ்த்துப் பின்பக்கம் ‘ரெடி’ என்று பெரிதாக எழுதினார். பஸ் நிறுத்தத்திலிருந்து தெரியும்படி, முன் கண்ணாடியை ஒட்டி வைத்தார்.