வெற்றிலை வாசம் வந்த வழி

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன் நான். சத்தியத்தை மீறவில்லை, அதில் இ-சிகரெட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அமீரகத்தில், புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளின் அளவுமானிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. டூட்டி முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வந்ததும், குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டு அதன் கீழே நின்று பத்து நிமிடம் ஊதுவேன். ஐம்பதை நெருங்கும் ஆள் பெண்டாட்டிக்குப் பயந்து ஒளிந்து ஊதுவது கேவலம்தான். தெரிந்தேதான் செய்தேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மாசியில், என் மாமியார் திருச்சியில் இறந்துபோனார். உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தபோதே மனைவி டிக்கெட் போடச் சொன்னாள். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பரீட்சை முடியட்டும், எல்லோருமாகப் போவோம் என்றேன். முடிய நான்கு நாள் இருக்கையில் அவர் போய்விட்டார். தாயின் முகத்தை மனைவி கடைசியாகப் பார்த்தது போனில்தான். காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

அதற்காக அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமைத்தாள், பேசினாள், சில நாள் சிரிக்கவும் செய்தாள். ஆனால் அந்தச் சொல்லாத வார்த்தை எங்கள் ஃபிளாட்டில் நாலாவது ஆளாகக் குடியிருந்தது. எந்த நேரம் வாய் திறக்குமோ என்று எனக்குப் பயம். அவள் கையில் காபி வாங்கும்போதுகூட முகத்தை நேராகப் பார்க்கமாட்டேன்.

ஊரிலிருந்து திரும்பிய சில வாரங்களில் இ-சிகரெட் மக்கர் பண்ண ஆரம்பித்தது. எவ்வளவு இழுத்தாலும் புகை நூலளவுக்குத்தான் வரும். தொண்டையில் கருகிய பஞ்சு நாற்றம். வாங்கிய கடையில் காட்டினேன். கடைக்காரர் ஒரு இழுப்புச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பாய், காயில் கலாஸ். நயா லேலோ" என்றார். காயில் தீர்ந்தது, புதிதாகவே வாங்கிக்கொள் என்று புதுக் கருவி ஒன்றை எடுத்து நீட்டினார். நாளெல்லாம் பழுது பார்க்கிறவனுக்கு இது பொறுக்குமா? திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பழைய காயிலைக் கழற்றினால் கம்பி முழுக்க முறுகிய வெல்லப்பாகாகப் படிந்து கிடந்தது. நான் ஊற்றும் திரவம் அப்படி. பான் சுவை, அவ்வளவும் இனிப்பு. புதுக் காயிலின் பஞ்சில் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு, ஊறுவதற்குக் கால்மணி நேரம் விட்டேன். முன்பெல்லாம் அந்தப் பொறுமை இல்லாமல் உடனே இழுத்துத்தான் பஞ்சைக் கருக்கியிருக்கிறேன். பேட்டரி முனையில் பிடித்திருந்த பிசுக்கை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். காற்றுத் துளையில் சட்டைப்பைத் தூசியும் மணலும் அடைத்திருந்தன. குண்டூசியால் நோண்டி எடுத்தேன். காயிலின் மேல் அச்சடித்திருந்த வாட் அளவுக்கு மேலே கருவியின் சூடு போகாமல் வைத்தேன். அன்று மாலை முதல் இழுப்பிலேயே குளியலறைக் கண்ணாடி மறைந்துபோனது. எனக்கு ஒரே பெருமை.

வெளியே வந்தால், சமையலறையில் சாமி அலமாரி முன்னால் மனைவி தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னங்க, அம்மா வந்திருக்கு."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"வெத்தல வாசம் அடிக்குது பாருங்க. அந்தப் பன்னீர் புகையில. இப்பத்தான் இங்க நின்னுட்டுப் போன மாதிரி."

வெற்றிலையும் பன்னீர் புகையிலையும் வாயில் இல்லாமல் மாமியாரை நான் பார்த்ததே கிடையாது. முகர்ந்தேன். ஆமாம், அடித்தது. என்னைக் கேள்வி கேட்கத்தான் வந்துவிட்டார் என்று நினைத்துக் கையைக் கூப்பிவிட்டேன். அரை நிமிடம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. அடுப்புக்கு மேலே இருந்த காற்றுத் துளையைப் பார்த்தேன். குளியலறைக்கும் சமையலறைக்கும் ஒரே குழாய். அடுப்படி விசிறி ஓடாதபோது என் புகை அந்த வழியாக அவள் தலைக்கு மேலே இறங்குகிறது. சொல்ல வாயெடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே விளக்கேற்றினாள். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று நாள் ஊதாமல் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் அவள் சாப்பிடவில்லை. "கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு போல" என்றாள். நாலாம் நாள் நான் மறுபடி கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு ஊதியது எனக்காக அல்ல. அடியோடு விட்டுவிடலாம் என்றிருந்தவன், வாரம் தவறாமல் காயில் மாற்றினேன். பஞ்சை ஊறவைத்தேன், துளையைச் சுத்தம் செய்தேன். வாசம் குறைந்தால் அவள் முகம் வாடியது. சில மாலைகளில் புகை கலைந்து கண்ணாடியில் என் முகம் தெளியும்போது, தோளுக்குப் பின்னால் ஒருவர் வாய் மென்றபடி நிற்பதாகத் தோன்றும். திரும்பிப் பார்க்க மாட்டேன். நானே உண்டாக்கிய பேய்க்கு நானே நடுங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைத்திவசம் நெருங்கியது. இந்த முறை டிக்கெட் பேச்சை நானே எடுத்தேன்.

"நான் வரலங்க" என்றாள். "அம்மா இங்கதான இருக்கு. இத விட்டுட்டு அங்க போயி யாருக்குப் படைக்கிறது?"

தாயிடம் போகவிடாமல் அவளை இரண்டாவது தடவையும் பிடித்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் மாலை, மகள் டியூஷனுக்குப் போயிருந்த நேரம், கருவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம், காயில், குழாய், மூன்று நாள் சோதனை, எதையும் விடவில்லை.

கத்துவாள் என்று பார்த்தேன். அவள் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஊதுங்க."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் முன்னால் ஊதினேன். நன்றாக வேலை செய்தது. அவள் கண்ணை மூடி முகர்ந்தாள்.

"இது இல்ல. இது மிட்டாய்க் கட நாத்தம்."

அந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். மாமியார் போன செய்தி சொல்லி ஊரிலிருந்து போன் வந்த அன்று பார்த்தேன். மன்னிப்புக் கேட்பதற்குள் கருவியை என் கையில் திணித்தாள்.

"உள்ள போங்க. கதவச் சாத்திட்டு ஊதுங்க."

போனேன். விசிறியைப் போட்டு ஏழெட்டு இழுப்பு விடாமல் ஊதினேன். சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. விசிறியை அணைத்தேன். குழாய் வழியாக அவள் குரல் பக்கத்தில் நின்று பேசுவதாகவே வந்தது. எனக்குக் கேட்கும் என்று தெரிந்தே பேசினாளா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

"நான் வரணும்னுதாம்மா இருந்தேன். டிக்கெட் போடுங்கன்னு மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் பரீட்ச முடியட்டும்னுட்டாரு. கடசித் தடவ அழுதுக்கிட்டே கேட்டேம்மா."

அவள் அழுதது எனக்கு நினைவில்லை. ஒரு தடவை கேட்டது மட்டும்தான் நினைவிருக்கிறது.