சூடேறாத வெள்ளி

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய காசு விற்கும் அந்தப் பெரியவர், விலை சொல்லும் முன் ஒவ்வொரு வெள்ளிக்காசையும் தன் நெற்றியில் வைத்துக் கண்ணை மூடுவார். நல்ல வெள்ளி உடம்புச் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளுமாம்.

நான் எடுத்த பிரெஞ்சுக் காசை மட்டும் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

“சுத்த வெள்ளிதான் சார். எடைக்கு உண்டான விலை மட்டும் குடுங்க, போதும்.”

“உருவம் தேயவே இல்லையே, ஏன் கொறைக்கிறீங்க?”

“பொணத்து நெத்தியில வச்ச காசு. சூடேறாது.”

சிரித்துக்கொண்டே வாங்கினேன். வீட்டில் நானும் நெற்றியில் வைத்துப் பார்த்தேன்.

மறுவாரம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் காசை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

“வச்சுப் பாத்துட்டீங்களா?”

கத்திரி வெயிலில் நின்றிருந்தேன். கை தானாக நெற்றிக்குப் போனது. அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது.