காலையில் ஜெயித்து மாலையில் தோற்ற கிளை

துருவியக்கா கண்ணாடி வாங்கப் போன இடத்தில் கண் சோதிக்கும் மெஷினைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி வாங்காமலே திரும்பிவிட்டாள் என்று அலுவலகத்தில் ஒரு கதை உலவுகிறது. அது சுத்தப் பொய். கண்ணாடியும் வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

கார் விற்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. கம்பெனிக்கு ஊர் ஊராகக் கிளைகள். கார்கள் நிற்பதோ ஒரே பெரிய கிடங்கில். ஒவ்வொரு கிளையிலும் ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் எந்தக் கார் விற்றது, எது நிற்கிறது என்ற முழு விவரம். ஒரு கிளை தும்மினால் எல்லாக் கிளைகளும் கைக்குட்டையைத் தேடும் அளவுக்கு அவற்றைப் பேசிப் பழக வைத்திருந்தாள். இணைப்பு அறுந்து போனாலும் கிளை தன் பாட்டுக்கு விற்கலாம். இணைப்பு திரும்பியதும் எல்லாம் கூடிப் பேசி ஒப்பிட்டுக்கொள்ளும். ஒரே காரை இரண்டு கிளைகள் விற்றிருந்தால், எந்த விற்பனையில் நேரம் முந்தி விழுந்திருக்கிறதோ அதற்கே கார். இந்தச் சட்டத்தை எழுதியவளும் அவள்தான். அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்தின் தலையில் அவளுடைய நாத்தனாரே வந்து உட்கார்ந்தாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம்; கணவரின் தங்கைதான் துருவியக்காவின் தம்பிக்கு மனைவி.

நாத்தனாருக்கு ஐம்பது வயது. கணவர் எங்கேயும் கூட்டிப்போவதில்லை என்று ஒருநாள் கோபித்துக்கொண்டு, தானே கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். கற்றுக்கொடுத்தவர் அதற்குப் பிறகு சைக்கிளைக்கூடத் தொடவில்லை என்பார்கள். அவள் பாலத்துக் கிளையில் ஒரு நீலக் காரை முன்பதிவு செய்து, தெரு முழுக்கச் சொல்லி, 'வெள்ளிக்கிழமை நானே ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துறேன், பாருங்க' என்று கணவரிடம் சவாலும் விட்டிருந்தாள். வியாழக்கிழமை, அறுந்து கிடந்த இணைப்பு திரும்பியதும், அவளுடைய போனுக்குச் செய்தி வந்தது: அந்தக் கார் மேட்டுக் கிளையில் முன்பே விற்கப்பட்டுவிட்டது, வருந்துகிறோம்.

"அண்ணி, உங்க மெஷின் என் காரைப் பிடுங்கிடுச்சு!" நாத்தனார் போனில் வைத்த கூச்சலில் துருவியக்காவின் தேநீர் ஆறிப்போனது.

"இரும்மா, மெஷின் பிடுங்காது. உனக்கு முன்னாடி யாரோ வாங்கியிருக்காங்க."

"நான் கடை திறந்ததும் உள்ளே போனவ! எனக்கு முன்னாடி யாரு, வாட்ச்மேனா வாங்கினாரு? நாளைக்கு நான் நடந்து வந்தா உங்க தம்பி, அதான் என் வீட்டுக்காரர், காலம் பூரா சொல்லிச் சிரிப்பாரு. தெரியும்ல?"

தெரியும். அந்தச் சிரிப்பு துருவியக்காவுக்கும் பழக்கம்தான்.

கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஆர்வம் வந்தது. கடை திறந்ததும் போனவளை இன்னொருவர் எப்படி முந்தினார்? கடந்த சில வாரத் தகராறுகளையெல்லாம் திரையில் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். ஒரே காருக்கு இரண்டு கிளைகள் மோதிய போதெல்லாம், காலை நேரமென்றால் மேட்டுக் கிளையே ஜெயித்திருந்தது. மாலை நேரமென்றால் மேட்டுக் கிளையே தோற்றிருந்தது. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை.

பாலத்துக் கிளை மேனேஜரிடம் கேட்டாள்.

"மேட்டுக் கிளை மேனேஜருக்குக் காலையில ராசிங்க," என்றார் அவர். "மத்தியானம் சாப்பிட்டதும் ராசி தூங்கிடுது."

"எங்கே சார் தூங்குது?"

"அக்கா, உங்ககிட்ட ஒரு பேச்சுக்குச் சொன்னா விலாசம் கேட்கிறீங்களே!"

தூங்குகிற ராசியைப் பார்த்தே தீருவது என்று மறுநாள், அதாவது அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே, மேட்டுக் கிளைக்குப் பஸ் ஏறினாள். பஸ் என்று அதற்குப் பெயர். ஏற்றத்தில் அது போன வேகத்தைப் பார்த்து, வேலியில் உட்கார்ந்திருந்த காக்கை இறங்கிக் கூடவே நடந்து வந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் மேட்டுக் கிளை ஊழியர்கள். கடை திறக்கும் நேரம் பஸ்ஸிலேயே கடந்து போனது. ஒருவர் முகத்திலும் பதற்றமில்லை. வரவேற்பில் உட்காரும் பெண் நிதானமாகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"லேட்டாயிடுச்சே, திட்ட மாட்டாங்களா?" என்று துருவியக்கா கேட்டாள்.

"நாங்க லேட்டா வந்ததே இல்லைக்கா," என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல்.

கடைக்குள் நுழைந்ததும் அந்தப் பெண் கைப்பையைக்கூட இறக்கவில்லை. நேரே கம்ப்யூட்டரிடம் போய், திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டிக் கடை திறக்கும் நேரத்துக்கு இழுத்து வந்து நிறுத்தினாள். அதன் பிறகு ஊழியர்கள் வரிசையாக வந்து வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்தார்கள். அது நேரம் கேட்பது அதே கம்ப்யூட்டரிடம்தான். எல்லாரும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.

துருவியக்காவுக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. "சாயங்காலம்?"

திரும்பிப் பார்த்த பெண்ணுக்கு அப்போதுதான் இவள் யாரென்று புரிந்தது. முகம் வெளுத்தது. "கடைசி பஸ் சீக்கிரமே போயிடும்க்கா. அதனால மத்தியானத்துக்கு மேல கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வைப்போம், மூடுற நேரம் சீக்கிரம் வந்துடும். போன மாசம் பஸ் நேரத்தை மாத்தினதுலேர்ந்து இப்படித்தான். முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. நாங்க யாரையும் ஏமாத்தலைக்கா."

"ஏமாத்தலையா? உலகத்துக்கே ஒரு நேரம், உங்களுக்கு மட்டும் சொந்தமா ஒண்ணு வச்சிருக்கீங்க!" என்றாள் துருவியக்கா. "சரி, அந்த நீலக் காரை வித்த அன்னிக்கு எவ்வளவு இழுத்தே?"

"அன்னிக்கு பஸ் பஞ்சர்க்கா. ரொம்பவே இழுத்தேன்."

நாத்தனார் பாலத்துக் கிளையில் பணம் கட்டிப் பேனாவை மூடியபோது, மேட்டுக் கிளை ஊழியர்கள் சாலையோரத்தில் நின்று டயர் மாற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கார் நாத்தனாருடையதுதான்.

துருவியக்கா அங்கேயே உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டாள்.

"கடிகாரத்தை நம்பிச் சட்டம் எழுதினது என் தப்புங்க. இனிமே எந்தக் கிளையோட நேரமும் வேண்டாம். கிடங்கு கம்ப்யூட்டர் வரிசையா டோக்கன் கொடுக்கும், டோக்கன் வாங்கினவங்களுக்குத்தான் கார். இணைப்பு இல்லேன்னா, கேட்டிருக்காங்கன்னு மட்டும் எழுதிக்கலாம், வித்ததா எழுத முடியாது."

"அதெல்லாம் சரிம்மா. கடிகாரத்தைத் தொட்டது யாரு?"

"பஸ்ஸுங்க."

"என்னது?"

"மேட்டுக் கடையைப் பஸ் வர்ற நேரத்துக்குத் திறந்து, கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி மூடிடுங்க. கடிகாரம் தானா ஒழுங்காயிடும்."

"பஸ்ஸுக்காக எவனாவது கடை நேரத்தை மாத்துவானாம்மா?"

"இப்ப பஸ்ஸுக்காக நேரத்தையே மாத்திக்கிட்டிருக்காங்க. கடையை மாத்துறது சுலபம் இல்லையா?"

முதலாளி, "திங்கள்லேர்ந்து மாத்திடு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாலையில் கிடங்கு வாசலுக்கு இரண்டு பேரும் வந்தார்கள்: நாத்தனாரும், அதே நீலக் காரை மேட்டுக் கிளையில் வாங்கிய மாட்டு டாக்டரும். துருவியக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு வண்டி வேணும், அவ்வளவுதான். வேற நிறத்துல இருக்கா?"

ஒன்றே ஒன்று இருந்தது. யாரும் தொடாத, கண் கூசும் மஞ்சள்.

"கொடுங்க. மாடு நிறமா பார்க்கப் போகுது?"

மஞ்சள் கார் வெயிலுக்கு வந்து நின்றது. நாத்தனார் அதைப் பார்த்தாள். தன் நீலக் காரைப் பார்த்தாள். மறுபடியும் மஞ்சளைப் பார்த்தாள்.

"அண்ணி," என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"வாயைத் திறந்தே, நடந்துதான் போவே," என்றாள் துருவியக்கா.

நாத்தனார் வாயை மூடிக்கொண்டு நீலக் காரில் ஏறினாள். கிடங்கு வாசலில் வண்டி இரண்டு முறை நின்றது. மூன்றாவது முறை உறுமிக்கொண்டு, கணவர் காத்திருக்கும் திசையில் பாய்ந்தது.